ஆச்சியின் ரிமோட்டும் கூட்டல் குறி பட்டனும்... ஒரு ரப்பர்ப் பொட்டின் கதை!

ரிமோட்டில் ஒரு பட்டன் வேலை செய்யவில்லை என்றால் நம் வீடுகளில் நடப்பது இதுதான். முதலில் கொஞ்சம் பலமாக அமுக்குவோம். பிறகு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று அமுக்குவோம். அடுத்து உள்ளங்கையில் இரண்டு தட்டு. பின்பக்க மூடியைத் திறந்து பேட்டரியை உருட்டிவிட்டு மறுபடியும் ஒரு முயற்சி. கடைசியில், "ரிமோட் போயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்று தீர்ப்பு.

உண்மையில் பல நேரங்களில் ரிமோட் எங்கேயும் போயிருக்காது. உள்ளே இருக்கும் ரப்பர் ஷீட்டில், மிளகு அளவிலான ஒரு கறுப்புப் பொட்டு அழுக்கேறியோ தேய்ந்தோ இருக்கும். அவ்வளவுதான். ஆனால், அந்தப் பொட்டு தொடவேண்டிய இடத்தைத் தொடாமல் போகும்போது, சில வீடுகளில் அது வெறும் ரிமோட் பிரச்னையாக மட்டும் இருப்பதில்லை.

கைரேகை விழாத விரல்கள்

கோவில்பட்டியில் ஒரு வீடு. அங்கே இருக்கும் அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பேத்திக்கு அவர் ஆச்சி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்துவிட்டன. ரேஷன் கடை மெஷினில் அவர் கைரேகை ஒரே தடவையில் விழுந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

மகன் வாங்கிக்கொடுத்த டச் போனும் அப்படித்தான். நம் விரல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால்தான் டச் ஸ்க்ரீன் அதை உணர்கிறது. காய்ந்து தடித்த தோலை அது பல நேரம் கண்டுகொள்வதில்லை. போதாக்குறைக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொரு கண்ணில் இன்னும் ஆகவில்லை. போன் வந்தால் எடுக்கக்கூட, "யாராவது வாங்களேன்" என்று குரல் கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்த வீட்டில் யார் உதவியும் இல்லாமல் அவரால் இயக்க முடிந்த ஒரே பொருள் டிவி ரிமோட்.

சில வருடங்களுக்கு முன் ஸ்மார்ட் டிவி வந்தபோது அதுவும் கைவிட்டுப்போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். புது ரிமோட்டில் நம்பர் பட்டன்களே இல்லை. நடுவில் ஒரு வட்டம். அதை மேலே, கீழே, இடது, வலது என நான்கு பக்கமும் அமுக்கலாம். வட்டத்தின் நடுவே ஓகே பட்டன். "அத்தைக்கு இது சரிப்படாது" என்றார் மருமகள். ஒரே வாரம்தான். கீழே ரெண்டு, வலது பக்கம் மூணு, நடுவுல ஒண்ணு என்று கட்டைவிரல் கணக்கு வைத்துக்கொண்டது. ரிமோட்டைப் பார்க்காமலேயே அவருடைய சீரியலுக்குப் போய்விடுவார்.

பிறகு ஒருநாள் வட்டத்தின் வலது பக்கம் வேலை செய்யாமல் போனது.

ஆச்சி யாரிடமும் சொல்லவில்லை. காலையில் மகன் வேலைக்குக் கிளம்பும்போது என்ன சேனல் ஓடியதோ, அதன் முன்னாலேயே சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்த பேத்திதான் கவனித்தாள். டிவியில் யாரோ இந்தியில் மிக்ஸி விற்றுக்கொண்டிருந்தார்.

"ஏன் ஆச்சி இதைப் பாக்கிறே?"

"வர்றதப் பாக்கேன். ஒவ்வொண்ணுக்கும் ஒங்களையே கூப்பிட்டுக்கிட்டு இருக்க முடியுமா தாயி?"

இந்த பதில் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மகன் காதுக்கு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்.

உள்ளே என்ன இருக்கிறது?

பெரும்பாலான ரிமோட்டுகளைத் திறந்தால் இரண்டே விஷயங்கள்தான் கண்ணில் படும். ஒன்று சர்க்யூட் போர்டு. இன்னொன்று, அதன் மேல் போர்வை மாதிரி விரித்திருக்கும் ரப்பர் ஷீட். நாற்பது பட்டன் இருந்தாலும் நாற்பதும் சேர்ந்து ஒரே ஷீட்தான்.

இது குமரி மாவட்டத்தில் மரத்திலிருந்து பால் வடித்துச் செய்கிற ரப்பர் அல்ல. சிலிக்கான் ரப்பர். மர ரப்பர் நாளாக ஆக விறைத்து வெடித்துவிடும், இல்லையென்றால் பிசுபிசுத்துவிடும். சிலிக்கான் ரப்பர் வெயிலுக்கும் குளிருக்கும் அவ்வளவு சீக்கிரம் அசையாது. லட்சக்கணக்கான தடவை அமுக்கினாலும் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும்.

ஒவ்வொரு பட்டனுக்குக் கீழேயும் அந்த ரப்பரே கவிழ்த்துவைத்த கிண்ணம்போல வளைந்திருக்கும். அதன் உள்பக்க உச்சியில் ஒரு கறுப்புப் பொட்டு. கார்பன் தூள் கலந்த ரப்பர் அது. சாதாரண ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, கார்பன் கலந்தால் கடத்தும். அதற்கு நேர் கீழே, சர்க்யூட் போர்டில் இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று தொடாமல் கோத்ததுபோல இரண்டு கோடுகள் இருக்கும்.

பட்டனை அமுக்கினால் கிண்ணத்தின் சுவர் மடங்கும். கறுப்புப் பொட்டு கீழே இறங்கி, இரண்டு சீப்புகளுக்கும் நடுவே பாலம் போடும். "இந்த பட்டனை அமுக்கியிருக்கிறார்கள்" என்று சிப் புரிந்துகொள்ளும். விரலை எடுத்தால் கிண்ணம் தானாக எழும்பும், பாலம் விலகும். தனியாக ஸ்பிரிங் கிடையாது, தகடு கிடையாது. ரப்பரே ஸ்பிரிங், ரப்பரே சுவிட்ச். மேலே கொட்டுகிற தூசியையும் காபியையும் ஓரளவுக்குத் தடுக்கிற மூடியும் அதுவே.

'இவ்வளவு சுலபம் என்றால் ஃபேன் சுவிட்சையும் இப்படியே செய்யலாமே?' என்று தோன்றலாம். முடியாது. கார்பன் ரப்பருக்கு உலோகத்தைவிட மின்தடை அதிகம். ஃபேனுக்குப் போகிற கரன்ட்டை அதன் வழியே அனுப்பினால் சூடாகிக் கருகிவிடும். ரிமோட்டில் ஓடுவது மிகமிகச் சிறிய மின்சாரம். சிப்புக்குத் தேவை கரன்ட் அல்ல, 'தொட்டதா, தொடவில்லையா' என்ற பதில் மட்டும்தான். அந்த ஒரு பதிலைச் சொல்ல ரப்பர் போதும்.

ஒரே பட்டன், நான்கு திசை

ஒரு பட்டனுக்கு ஒரு பொட்டு என்பது புரிகிறது. ஆனால், ஆச்சியின் கட்டைவிரல் பழகிய அந்த வட்டம் ஒன்றேதான், திசையோ நான்கு. இந்த யோசனையின் பூர்வீகத்தைத் தேடினால் ஜப்பானின் கியோட்டோ நகரத்துக்குப் போக வேண்டும்.

அங்கே 1889-ல் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் நின்டெண்டோ. அதில் 1965-ல் வேலைக்குச் சேர்ந்தார் குன்பேய் யோகோய். சீட்டு அச்சடிக்கும் மெஷின்களைப் பராமரிப்பதுதான் வேலை. பொழுது போகாத நேரத்தில், தூரத்தில் இருக்கும் பொருளைப் பிடித்து இழுக்கிற கைபோன்ற ஒரு பொம்மையைச் செய்துவைத்திருந்தார். அது முதலாளியின் கண்ணில் பட்டது. திட்டுவார் என்று பார்த்தால், அதையே விற்பனைக்குக் கொண்டுவரச் சொன்னார். மெயின்டனன்ஸ்காரர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனது அப்படித்தான்.

1980-ல் அவர் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற கையடக்க விளையாட்டுகளைக் கொண்டுவந்தார். கால்குலேட்டரில் இருக்கும் எல்.சி.டி திரைதான் அதற்கும் திரை. 1982-ல் அப்போது பிரபலமாக இருந்த 'டாங்கி காங்' விளையாட்டை அதில் கொண்டுவர வேண்டியிருந்தது. கடைகளில் இருந்த பெரிய மெஷினில் இதை ஆட குச்சிபோல நீட்டிக்கொண்டிருக்கும் ஜாய்ஸ்டிக் இருந்தது. ஆனால், யோகோய் செய்துகொண்டிருந்ததோ புத்தகம்போல மடித்துச் சட்டைப்பையில் போடுகிற பொருள். குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் எப்படி மடிப்பது?

அவர் குச்சியை எடுத்துவிட்டார். பதிலுக்குக் கூட்டல் குறி வடிவத்தில் தட்டையாக ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்தார். 1983-ல் வந்த ஃபேமிகாம், 1989-ல் வந்த கேம் பாய் என்று அடுத்தடுத்து வந்த கருவிகளிலும் அதே கூட்டல் குறி தொடர்ந்தது. அந்த கேம் பேடுகளைத் திறந்துபார்த்தால் யோசனையின் அழகு புரியும். கூட்டல் குறியின் நான்கு கைகளுக்குக் கீழே நான்கு ரப்பர்க் கிண்ணங்கள், நான்கு கறுப்புப் பொட்டுகள். நட்டநடுவில் ஒரு சிறு முட்டு. கூட்டல் குறி அந்த முட்டின் மேல், சீ-சா பலகை மாதிரி சாய்ந்தாடும்.

வலது பக்கம் அமுக்கினால் இடது பக்கம் தானாகத் தூக்கிக்கொள்ளும். அதனால் ஒரே நேரத்தில் 'வலது, இடது' என்று இரண்டு உத்தரவும் போய் விளையாட்டு குழம்ப வழியில்லை. மேலும் வலதும் சேரும் மூலையில் அமுக்கினால் இரண்டு பொட்டுகளும் சேர்ந்து தொடும், பொம்மை குறுக்காகப் போகும். நான்கே பொட்டில் எட்டுத் திசை! விரல் இருக்கிற இடம் விரலுக்கே தெரிவதால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே வேண்டாம். இதன் அமைப்புக்கு நின்டெண்டோ 1987-ல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கியது.

ரப்பரை நம்பியதில் ஒரு சறுக்கலும் உண்டு. ஆரம்பகால ஃபேமிகாமில் சுடுவதற்கும் குதிப்பதற்குமான இரண்டு பட்டன்களும் சதுரமான ரப்பர்ப் பட்டன்கள். வேகமாக அமுக்கும்போது ஓரம் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. பிறகு அவற்றை மாற்றி, வட்டமான பிளாஸ்டிக் பட்டன்கள் வைத்தார்கள். விரல் படுவது பிளாஸ்டிக், அதற்குக் கீழே வளைந்து கொடுப்பது ரப்பர் என்ற ஏற்பாடு அதிலிருந்து நிலைத்தது.

தீபாவளி போனஸில் வந்த டிவி கேம்

ஃபேமிகாமை நகலெடுத்து வந்த மலிவான கருவிகள்தான் நம் ஊரில் 'டிவி கேம்'. 90ஸ் கிட்ஸுக்குச் சொல்லவே வேண்டாம். மஞ்சள் கேசட், அதில் பல லட்சம் கேம் இருப்பதாக ஒரு ஸ்டிக்கர், போட்டுப் பார்த்தால் மரியோவும் கான்ட்ராவும் திரும்பத் திரும்ப வரும்!

கோவில்பட்டி வீட்டு மகனுக்கும் ஒரு டிவி கேம் இருந்தது. தீப்பெட்டி ஆபீஸில் வாங்கிய தீபாவளி போனஸில் அம்மா வாங்கிக்கொடுத்தது. "பீஸ் கட்டுற காசுல பொட்டி வாங்கியிருக்கியே" என்று அக்கம்பக்கத்தில் சிலர் சொன்னதற்கு, "பிள்ளை வெயில்ல சுத்தாம வீட்ல கெடக்கும்லா" என்று பதில் சொன்னாராம்.

அந்த கேம் பேடில் எப்போதும் முதலில் தேய்வது வலது பக்கம்தான். மரியோ வலது பக்கம் ஓடிக்கொண்டே இருக்கிற ஆள் அல்லவா! மரியோ ஓட மறுத்தபோது பத்து வயதுப் பையன் பேடைத் திறந்தான். கறுப்புப் பொட்டின் மேல் பென்சிலால் தேய்த்தான். பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட், அதுவும் கார்பன்தான். ரெண்டு நாள் ஓடியது. பிறகு சாக்லேட் சுற்றிவந்த அலுமினியத் தாளைப் பொட்டு அளவுக்கு வெட்டி ஒட்டினான். அது லீவு முடியும்வரை தாங்கியது.

முப்பது வருடம் கழித்து அம்மாவின் ரிமோட்டைத் திறந்தபோது மகன் பார்த்ததும் அதே காட்சிதான். வட்டத்துக்குக் கீழே நான்கு கிண்ணங்கள். மேல், கீழ், இடது மூன்றிலும் பொட்டு கறுப்பாக மங்கலாக இருந்தது. வலது பக்கப் பொட்டு மட்டும் தேய்ந்து பளபளத்தது. வலது பக்கம் மூணு, வலது பக்கம் மூணு என்று தினமும் ஒரே பாதையில் போய் வந்த விரல், வழியைத் தேய்த்துவிட்டிருந்தது.

கழுவியும் அது சரியாக வேலை செய்யவில்லை. பரணில் பழைய டிவிடி பிளேயரின் ரிமோட் கிடந்தது. அதில் இதுவரை யாருமே தொடாத ஒரு பட்டனின் பொட்டை பிளேடால் நறுக்கி எடுத்தார். வலது பக்கக் கிண்ணத்தில் சிலிக்கான் பசை வைத்து ஒட்டினார். ஒருநாள் முழுக்கக் காயவிட்டு மூடினார். செலவு, பசைக்கான காசு மட்டும்.

அடுத்த நாள் மத்தியானம் மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. "யாரு அத்தை மாத்திவிட்டா?" என்று கேட்டதற்கு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வந்தது பதில். "நான்தான்."

உங்கள் ரிமோட்டுக்கும் இதைச் செய்யலாம்

முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். புது பேட்டரி போட்டும் சரியாகவில்லை என்றால் போன் கேமராவை ஆன் செய்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேராகக் காட்டி பட்டனை அமுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பல போன்களின் கேமராவில், குறிப்பாக செல்ஃபி கேமராவில், மினுக்கென்று தெரியும். எல்லா பட்டனுக்கும் மினுக்கி ஒன்றுக்கு மட்டும் மினுக்கவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் அந்தப் பொட்டில்தான். புளூடூத்தில் இயங்கும் ரிமோட்டுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

பேட்டரியை எடுத்துவிட்டுத் திறங்கள். சில ரிமோட்டுகளில் ஸ்க்ரூ பேட்டரி அறைக்குள் இருக்கும். ஸ்க்ரூவே இல்லை என்றால் ஓரத்தில் பழைய ஏ.டி.எம் கார்டு மாதிரி மெல்லிய பிளாஸ்டிக்கைச் செருகி மெதுவாக நெம்பலாம்.

ரப்பர் ஷீட்டைத் தனியே எடுத்து, பாத்திரம் துலக்கும் லிக்விட் இரண்டு சொட்டு கலந்த தண்ணீரில் விரலால் மெதுவாகக் கழுவுங்கள். கைப்பிசுக்கும், ரப்பரிலிருந்தே நாளாவட்டத்தில் கசிகிற எண்ணெய்ப்பசையும் போய்விடும். நன்றாகக் காயவிடுங்கள்.

சர்க்யூட் போர்டைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு லேசாகத் துடைத்தால் போதும்.

உப்புத்தாள், பிளேடு வைத்துப் பொட்டையோ போர்டையோ சுரண்டக் கூடாது. மேலே பூசியிருக்கும் கார்பனே உரிந்துவிடும். பென்சில் வைத்தியம் தற்காலிகம்தான். பொட்டு ஒட்டுவதென்றால் சிலிக்கான் பசைதான் சரி. சாதாரண பசை சிலிக்கான் ரப்பரில் ஒட்டாமல் உரிந்து வந்துவிடும்.

பழையதுதான், ஆனால்...

யோகோய்க்கு ஒரு கொள்கை இருந்தது. புத்தம்புதிய, விலை உயர்ந்த தொழில்நுட்பத்தின் பின்னால் ஓட வேண்டாம். எல்லோருக்கும் பழகி, விலை குறைந்து, 'இதில் இனி என்ன இருக்கிறது' என்று ஒதுக்கிவைத்ததை எடுத்து, வேறு பக்கமாகத் திருப்பி யோசிக்க வேண்டும். கால்குலேட்டர் திரை விளையாட்டுத் திரை ஆனது அப்படித்தான். அவர் 1996-ல் நின்டெண்டோவிலிருந்து விலகி, 1997 அக்டோபரில் ஒரு சாலை விபத்தில் 56 வயதில் இறந்துபோனார். கட்டைவிரலுக்கு அவர் கொடுத்த கூட்டல் குறி மட்டும் கேம் பேடிலும் ரிமோட்டிலும் உருமாறி இன்னும் இருக்கிறது.

இப்போது மைக்ரோவேவ், வாஷிங்மெஷின், கார் என்று ஒவ்வொன்றிலிருந்தும் பட்டன்கள் மறைந்து கண்ணாடி வருகிறது. பார்க்க அழகுதான். ஆனால், வழவழ கண்ணாடியில் எது மேலே, எது வலது என்று விரலுக்குத் தெரியாது, கண் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்வை மங்கியவர்களுக்கும், கை நடுங்குகிறவர்களுக்கும், உழைத்து உழைத்து ரேகை தேய்ந்தவர்களுக்கும், அமுக்கினால் அமுங்கி விட்டால் எழும்புகிற ஒரு ரப்பர்த் துண்டு, 'நீ அமுக்கியது எனக்குத் தெரிந்தது' என்று விரலுக்கே பதில் சொல்கிறது.

அடுத்த முறை வீட்டுப் பெரியவர்கள் "பரவாயில்ல, ஓடுறது ஓடட்டும்" என்று டிவி முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தால், ரிமோட்டை ஒருமுறை வாங்கி எல்லா பட்டனையும் அமுக்கிப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரும் கால் மணி நேரமும் இருந்தால் போதும்!